ரோசியின் காதில் எறும்பு

காலை பத்து ஐம்பதுக்கு, ரத்தினம்மாள் வீட்டுப் பின்கட்டில், ரோசி விழுந்து கிடந்தது. நான்கு கால்களும் விறைத்திருந்தன. வாயோரம் நுரை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை.

பதினொரு மணிக்குள், நாய்க்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. பதினொன்று ஐந்துக்கு, வைத்தது யார் என்றும் தெரு தீர்மானித்துவிட்டது. திருத்தணியில் சாமியைப் பார்க்கத்தான் முந்நூற்று அறுபத்தைந்து படி ஏற வேண்டும். ஒரு பெண்ணின் மானத்தை வாங்குவதற்கு வாசற்படி கூட இறங்க வேண்டாம்.

அன்றைக்கு ஆவணிக் கிருத்திகை. வருஷம் 1984.

மணியம்மைக்குச் செய்தி பதினொன்று பத்துக்கு வந்தது. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சைக்கிள் கடை மாடியில் அவள் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தாள். ஒரே அறை, ஒரே மைக்ராஸ்கோப், ஒரே ஆள். வயது நாற்பது. கண்ணாடிக் குழாயில் நிறம் மாறினால்தான் எதையும் நம்புவாள் என்று ஊரில் அவளைக் கேலி செய்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். இரண்டு பேரும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

மாடிப்படியில் மூச்சிரைக்க வந்து நின்றவர் சிங்காரம். ரத்தினம்மாளுக்குப் பக்கத்து வீடு. நூல் கடைக்காரர்.

"மணியம்மா, ரத்தினக்கா நாயி போய்ட்ச்சு. இல்ல, இன்னும் போவல. போய்கினு இருக்குது. நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"நீங்க பண்ணீங்கன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம்னுதான்."

பொங்கல் சமயத்தில் ரோசி அவருடைய இரண்டு கோழிகளைக் கடித்துப் போட்டது. அன்றைக்கு அவர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, சோத்துல மருந்து வைக்கிறேனா இல்லையா பார் என்று கத்தியதை எட்டு வீடு கேட்டது. மணியம்மை பையை எடுத்துக்கொண்டு அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தாள்.

"விழுந்தத மொதல்ல யாரு பார்த்தா?"

"பாஞ்சாலிதான். வேலைக்காரி. அவதான் இன்னாமோ வாயில அப்பிக்கினு இருந்தா. நான் சுவத்துக்கு மேல பார்த்தேன். ரத்தினக்கா கூச்சல் போட்டாங்க. ஏட்டையா வந்துட்டாரு."

இந்த வழக்கில் மணியம்மைக்கும் ஒரு பங்கு உண்டு; ரத்தினம்மாளுக்கு நாயின் சர்க்கரையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

அது இருபது நாளைக்கு முந்தைய கதை. ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் ஊரைவிட்டுக் கலைந்த வாரம். ரோசி குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, இளைத்துக்கொண்டே போகிறது, மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று ரத்தினம்மாள் வந்து நின்றாள். எறும்பு என்றதுமே மணியம்மைக்குப் புரிந்துவிட்டது. மெட்ராஸில் நாய் வைத்தியர் ஒருவரிடம் எழுதி அனுப்பினாள். ரத்தினம்மாள் ரோசியைக் கூடையில் வைத்து ரயிலேறினாள். இன்சுலின் மருந்தும், ஊசியும், ஒரு பாட்டில் நிறம் மாறும் துண்டுகளுமாகத் திரும்பி வந்தாள். துண்டின் முனையில் ஒரு சிறு சதுரம். அதில் ஒரு துளி ரத்தத்தை வைத்து, ஒரு நிமிஷம் விட்டு, பஞ்சால் துடைத்து, இன்னொரு நிமிஷம் கழித்துப் பார்த்தால் நிறம் ஏறியிருக்கும். வெளிர்ப் பச்சை என்றால் சர்க்கரை குறைவு. கருநீலம் என்றால் நானூறுக்கு மேல்.

துண்டு வெளிநாட்டுச் சரக்கு, தீர்ந்தால் சட்டென்று கிடைக்காது. அதனால் ஒவ்வொரு துண்டையும் கத்தரிக்கோலால் நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் பாதிப் பாதியாகப் பயன்படுத்தச் சொன்னாள் மணியம்மை. செய்முறையை எட்டு வரியில் எழுதிப் பின்கட்டுச் சுவரில் ஒட்டினாள். காதைத் தேய்த்துச் சூடாக்கு, ஸ்பிரிட்டால் துடை, ஊசியால் குத்து, அமுக்கித் துளி எடு, இப்படியே போய், கடைசி வரியில் மருந்தளவு. வெளிர்ப் பச்சை: ஊசி வேண்டாம், சாப்பாடு கொடு. நடு நிறம்: ஆறு யூனிட். கருநீலம்: பன்னிரண்டு.

ரத்தினம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ளக் காரணமும் இருந்தது. அவள் கணவர் பஞ்சாட்சரம் சர்க்கரை வியாதியில் காலை இழந்து, அப்புறம் உயிரையும் விட்டவர். பீரோவுக்குப் பின்னால் லட்டு ஒளித்துவைத்துத் தின்ற மனிதர். ரோசி அவர் வாங்கி வந்த குட்டி. அவருக்குச் செய்யாமல் விட்டதை இதற்காவது செய்கிறேன் என்று ரத்தினம்மாள் ஒருமுறை சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பதினொன்று இருபத்தைந்து. பின்கட்டில் சாக்கின் மேல் ரோசி கிடந்தது. சடை வைத்த சின்ன வெள்ளை நாய். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. மணியம்மை பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வால் நுனி ஒருமுறை அசைந்தது.

"சாவல," என்றாள் மணியம்மை.

"இன்னும் சாவல," என்று திருத்தினார் ஏட்டு கஜபதி. எதிர்வீட்டுக்காரர். மலைமேல் பந்தோபஸ்துக்குக் கிளம்பியவர், கூச்சல் கேட்டு அப்படியே யூனிபாரத்தில் இங்கே வந்துவிட்டார். கையில் மடித்த காகிதம், பேனா. "வாக்குமூலம் வாங்கிகினு இருக்கேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

துணி துவைக்கும் கல்லருகே பாஞ்சாலி குந்தியிருந்தாள். அழவில்லை. அழுகையை அடக்கிய முகம்.

மணியம்மை வழக்கப்படி குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். நாயின் வலது காதை ஈரத்துணியால் துடைத்து, குத்தி, பாதித் துண்டில் துளியை வைத்தாள். இரண்டு நிமிஷம் எல்லோரும் துண்டையே பார்த்தார்கள். சதுரம் வெளிர்ப் பச்சையில் நின்றது.

"எண்பது," என்றாள்.

"எண்பதா? அதெப்படி?" என்றாள் ரத்தினம்மாள். "காலையில நான் பார்த்தப்ப நானூறுக்கு மேல. கருநீலம். என் கண்ணால பார்த்தேன். அதுக்கு மேல இவ இனிப்ப வேற ஊட்டியிருக்கா."

மணியம்மை பாட்டிலை மூடினாள். நாய்க்குப் பின்னால் சுவரோரம் ஓர் அலுமினியத் தட்டு இருந்தது. நிறையத் தயிர்சாதம், மேலே ஆடை காய்ந்திருந்தது. ஒரு வாய் கூட எடுக்கவில்லை. ரோசியின் வாயோரம் சின்னச் சிவப்பு எறும்புகள். இடது காது நுனியிலும் நான்கைந்து. அதை அவள் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாம்மா பாக்கறீங்க? சர்க்கரை நாயாச்சே, எறும்பு வராதா?" என்றார் கஜபதி.

"வரும்," என்றாள் மணியம்மை. "ஏட்டையா, நானும் ரெண்டு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க. ஆனா சீக்கிரம். இவள ஸ்டேஷனுக்குக் கூட்டிகினு போய் எழுதி வாங்கணும். மலையில வேற கூட்டம்."

ஸ்டேஷன் என்ற சொல் விழுந்ததும் பாஞ்சாலி எழுந்துவிட்டாள். "ஏட்டையா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இங்கயே எழுதிக்கோங்க. வர்ற வெள்ளிக்கிழமை பள்ளிப்பட்டுலேர்ந்து எம் பொண்ணு அம்சாவப் பாக்க வராங்க. இவ ஆத்தா ஸ்டேஷனுக்குப் போனவன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்?"

"அது நாய்க்கு ஊட்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

மணியம்மை அவளைப் பார்த்தாள். பாஞ்சாலியின் புருஷன் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறவன், வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். பெண்ணைக் கரையேற்றுகிற காரியம் முழுக்க இவள் தலைமேல்தான். இப்போது அது ஒரு மடித்த காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ எத்தினி மணிக்கு வந்தே?"

"ஒம்போதுக்கு. மலையிலேர்ந்து எறங்கறவங்களால தெருவே நெருக்கம். லேட்டாயிட்ச்சு."

"வந்தப்ப ரோசி எப்படி இருந்துது?"

"படுத்துகினு இருந்துது. பத்தரை வாக்குல எழுந்து தள்ளாடிச்சு. செவுத்துல முட்டிகினு நடந்துது. அப்புறம் வெலவெலத்துக் கீழ வுழுந்துட்ச்சு."

"வாயில இன்னா வச்சே?"

"பஞ்சாமிர்தம். பூஜை ரூம்ல தொன்னையில இருந்துது. எடுத்து ஈறுல தடவுனேன்."

"பார்த்தீங்களா, அவளே ஒத்துக்கறா," என்றார் கஜபதி.

"ஏன் தடவுனே?"

பாஞ்சாலி நேராக மணியம்மையைப் பார்த்தாள். "நீங்கதானம்மா சொன்னீங்க. அன்னிக்கு அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தப்ப நான் இங்க பெருக்கிகினு இருந்தேன். தள்ளாடினா, வெலவெலத்தா, வாயில சர்க்கரையத் தடவுன்னீங்க. சர்க்கரை டப்பா மேல ஷெல்ப்புல இருந்துது. தொன்னை கையில கிடைச்சுது."

"அது கொறைஞ்சாத்தான," என்று ரத்தினம்மாள் குறுக்கே விழுந்தாள். "கொறைஞ்சாத் தடவுன்னாங்க. இங்க கொறையல, நானூறு. அவருக்கும் இப்படித்தான், ஆளாளுக்குப் பாவம்னு சொல்லிச் சொல்லி இனிப்பக் குடுத்தே கொன்னாங்க. இவளும் தெனமும் திருட்டுத்தனமாக் குடுத்துகினு இருந்திருக்கா. அதான் ஏறியிருக்குது."

கோபத்தைவிட அதில் பயம்தான் அதிகம் இருந்தது. மணியம்மை சிங்காரத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பார்த்தப்ப மணி எத்தினி?"

"பதினொண்ணுக்குப் பத்து நிமிஷம் இருக்கும். கடைக்குக் கெளம்பிகினு இருந்தேன்."

"அதுக்கு முன்னாடி இன்னிக்கி இந்த வீட்டுப் பக்கம் வந்தீங்களா?"

"நான் வரல. அக்காதான் எங்க வீட்டுக்கு வந்தாங்க. எட்டு மணி வாக்குல. மலையிலேர்ந்து வந்தவுடனே வழக்கமா எல்லாருக்கும் பிரசாதம் குடுப்பாங்க. பஞ்சாமிர்தம். எம் பொண்டாட்டி கையிலயும் என் கையிலயும் அவங்களே விரலால வழிச்சு வச்சாங்க. கோழி சண்டைய எல்லாம் மனசுல வச்சிக்காம," என்று நிறுத்தினார் சிங்காரம், கடைசி வாக்கியத்தை ஏட்டு எழுதிக்கொள்கிறாரா என்று பார்த்தபடி.

"ரத்தினம்மா, இப்ப நீங்க. காலையிலேர்ந்து சொல்லுங்க."

ரத்தினம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாலரைக்குக் குளித்துப் படியேறியது. தரிசனம், அபிஷேகப் பஞ்சாமிர்தம். எட்டுக்குக் கீழே வந்து நாலு வீட்டுக்குப் பிரசாதம் கொடுத்தது. எட்டேகாலுக்கு ரோசிக்குச் சோதனை. கருநீலம். எட்டு இருபதுக்குப் பன்னிரண்டு யூனிட் ஊசி, அவளே போட்டாள். எட்டு இருபத்தைந்துக்குத் தயிர்சாதம் வைத்தாள்.

"ரோசிக்குத் தெனமும் தயிர்சாதமா?"

"இல்ல. முட்டை, எலும்புச் சாறு போட்ட சோறு. ஆனா கிருத்திகையாச்சே. நான் முருகனுக்கு விரதம். நேத்து பரணி ராத்திரியிலேர்ந்தே வீட்டுல கவுச்சி கெடையாது. நேத்து ராத்திரியும் தயிர்சாதம்தான் வச்சேன். மோந்து பார்த்துட்டுப் போய்ட்ச்சு."

"ராத்திரியும் சாப்பிடலியா?"

"ஒரு நாள்தான. பசிச்சாத் தானா தின்னும்னு வுட்டேன்."

"தேய்ச்சு அமுக்குனது எந்தக் காது?"

"எடது. எப்பவும் எடதுதான். எனக்கு வலது கை வாகா வருது."

"நோட்டக் குடுங்க."

நாற்பது பக்க நோட்டு. காலை, மாலை, தேதி, எண். ரத்தினம்மாளின் கையெழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி சின்னச் சின்னதாக இருந்தது. நூற்றெண்பது, இருநூறு, நூற்றறுபது, இருநூற்றிருபது. நேற்று மாலை ஐந்து மணிக்கு நூற்றறுபது, ஆறு யூனிட். இன்றைய பக்கத்தைத் திருப்பப் போனால் திரும்பவில்லை. முந்தைய பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மணியம்மை நகத்தை விட்டுப் பிரித்தாள். ஓரத்தில் மங்கலாக ஒரு விரல் தடம். கீழே கொட்டையாக, நானூறுக்கு மேல்.

அவள் நோட்டை மூடினாள். பிறகு சுவரில் தான் ஒட்டிய தாளைப் போய்ப் படித்தாள். மேலிருந்து கீழ்வரை, எட்டு வரியும். படித்து முடித்தபோது அவள் முகம் சுண்டிவிட்டது.

"யாரும்மா?" என்றார் கஜபதி. "யாருன்னு தெரிஞ்சிட்ச்சா?"

"தெரிஞ்சிட்ச்சு. ரெண்டு பேரு. பாஞ்சாலி இல்ல."

சிங்காரம் ஓரடி பின்னால் போனார்.

"நீங்களும் இல்ல," என்றாள் மணியம்மை அவரைப் பார்க்காமலே. "ஏட்டையா, பாஞ்சாலி இந்த வீட்டுக்குள்ள வந்தது ஒம்போது மணிக்கு. துண்டு கருநீலமானது எட்டேகாலுக்கு. பஞ்சாமிர்தம் வீட்டுக்குள்ள வந்ததே எட்டு மணிக்கு. அப்ப இவ எங்க ஊட்ட முடியும்?"

"நேத்தே ஊட்டியிருப்பா."

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு நூத்தறுவது. பாஞ்சாலி தெனமும் நாலு மணிக்கே வீட்டுக்குப் போய்டறா. இல்லீங்களா ரத்தினம்மா?"

"ஆங். நாலுக்குப் போய்டுவா," என்றாள் ரத்தினம்மாள், இஷ்டமில்லாமல்.

"அப்ப நாயி ராத்திரி பட்டினி. காலையில பட்டினி. நேத்து சாயங்கால ஊசி வேற உள்ள இருக்குது. இதுக்கு நடுவுல யாரும் ஒரு பருக்க சர்க்கரை குடுக்கல. பட்டினி கெடந்த நாயோட சர்க்கரை நூத்தறுவதுலேர்ந்து கீழ எறங்கியிருக்கணும். எப்படி நானூறுக்கு ஏறும்?"

தெருவில் ஒரு கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு மலைப்பக்கம் போயிற்று.

"ஏறல," என்றாள் மணியம்மை. "துண்டு பொய் சொல்லிட்ச்சு. சொல்ல வச்சது ஒரு விரலு. ரத்தினம்மா, மலையிலேர்ந்து வந்து, பிரசாதம் குடுத்துட்டு, சோதனை பண்றதுக்கு முன்னாடி கையக் கழுவுனீங்களா?"

ரத்தினம்மாள் புரியாமல் பார்த்தாள். "சாமி பிரசாதம் பட்ட கைய எப்படிம்மா கழுவறது? சாக்கடையில போவுமே. எங்க வீட்டுல எங்க மாமியார் காலத்துலேர்ந்து கழுவ மாட்டோம். நக்கிட்டுத் தலையில தடவிக்குவோம். இன்னிக்கி நான் ஒருபொழுது, சாயங்காலம் வரைக்கும் வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. அதனால முந்தானையில நல்லாத் தொடச்சிக்கினேன்."

"தொடச்ச அந்தக் கட்டைவிரலால காதத் தேய்ச்சு, ஸ்பிரிட் போட்டு, குத்தி, மறுபடி அதே விரலால அமுக்கித் துளி எடுத்தீங்க. ரத்தத்தோட பஞ்சாமிர்தமும் துண்டுல ஏறிட்ச்சு."

கஜபதிக்கு இது ஒப்பவில்லை. "இன்னாம்மா இது. தொடச்ச விரல்ல கண்ணுக்கே தெரியாத பிசுக்கு. அதுக்குப் போயா நானூறு காட்டும்?"

"ஒரு துளி ரத்தத்துல இருக்கற சர்க்கரை, ஒரு எறும்பு தூக்கிகினு போற அளவு கூட இல்ல ஏட்டையா. அதைவிடப் பிசுக்குல அதிகம்." அவள் குனிந்து ரோசியின் இடது காதை எடுத்துக் காட்டினாள். எறும்புகள் இன்னும் அங்கேயே இருந்தன. "நீங்க சர்க்கரை நாயிக்கு எறும்பு வரும்னீங்க. மூத்திரத்துக்கு வரும், அது வாஸ்தவம். வாயில இருக்கறது பாஞ்சாலி தடவுனது. காதுல எதுக்கு எறும்பு? அதுவும் இந்த ஒரு காதுல?"

"பாஞ்சாலி தொட்டிருப்பா."

"நான் காதத் தொடவே இல்லீங்க," என்றாள் பாஞ்சாலி.

"தொட்டிருந்தாலும் இந்த நோட்ட அவ தொடல. ரத்தினம்மா எட்டேகாலுக்கு எழுதுன பக்கம் ஒட்டிகினு கெடக்குது, பாருங்க. நம்பிக்கை இல்லன்னா உங்க கெடியாரத்தக் கழட்டுங்க. அஞ்சு நிமிஷத்துல காட்டிடறேன்."

பூஜை அறையிலிருந்து தொன்னை வந்தது. மணியம்மை பாட்டிலில் இருந்து ஒரு முழுத் துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க நீளவாக்கில் இரண்டாக வெட்டினாள். ரத்தினம்மாளைப் பஞ்சாமிர்தம் தொடச் சொன்னாள். காலையில் துடைத்த மாதிரியே முந்தானையில் துடைக்கச் சொன்னாள். ரத்தினம்மாள் ஒருதரம் துடைத்து, காட்டி, இன்னொருதரமும் துடைத்தாள். விரலில் ஒன்றும் தெரியவில்லை. அதே விரல் நுனியில் குத்தி, முதல் பாதித் துண்டில் ஒரு துளி.

"இப்ப இதே கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

ரத்தினம்மாள் நகரவில்லை. குழாயடியையும் அதன் கீழே ஓடும் சாக்கடையையும் பார்த்தாள். இவ்வளவு நடந்த பிறகும் கால் எழவில்லை.

பாஞ்சாலிதான் போனாள். ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். "சாக்கடையில ஊத்தக் கூடாது, அவ்ளோதான? இதுல கழுவுங்கம்மா. நான் செம்பருத்திக்கு ஊத்திடறேன்."

ரத்தினம்மாள் குனிந்து கழுவினாள். இரண்டாவது துளி, இரண்டாவது பாதி.

கஜபதி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நடுவில் ஒருதரம் தவறவிட்டு, இல்லை சரிதான் என்று தொடர்ந்தார். மணியம்மை இரண்டு பாதிகளையும் துடைத்து, துணி துவைக்கும் கல்லின் மேல் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒரே துண்டின் இரண்டு பாதி, ஒரே கையின் ரத்தம். ஒன்று கருநீலம். மற்றது வெளிர்ப் பச்சை.

கஜபதி தொப்பியைக் கழற்றினார். "அப்போ ரத்தினம்மாவுக்கு நானூறா?"

"அவங்க விரலுக்கு நானூறு. அவங்களுக்குத் தொண்ணூறு."

சிங்காரம் தன் கட்டைவிரலை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

"காலையில ரோசிக்கு ஊசியே போட்டிருக்கக் கூடாது," என்றாள் மணியம்மை. "போட்டது ரெண்டு பங்கு. பன்னெண்டு யூனிட், வெறும் வயித்துல. ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல இருந்த கொஞ்ச நஞ்ச சர்க்கரையும் காலி. அதான் தள்ளாட்டம், அதான் வெறைப்பு. பஞ்சாமிர்தம் உள்ள போயும் இப்ப எண்பதுதான் காட்டுது. போவாம இருந்திருந்தா நான் வரும்போது ரோசி இருந்திருக்காது. பாஞ்சாலி ஊட்டுனது வெஷம் இல்ல, மருந்து."

ரத்தினம்மாள் சாக்கின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நானா?" என்றாள். "அவருக்கு அப்புறம் இதையும் நானா?"

மணியம்மைக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. அவளுக்குத் தேற்றத் தெரியாது. தெரிந்ததெல்லாம் உள்ளதைச் சொல்வதுதான்.

"ரெண்டு பேருன்னு சொன்னேனே. உங்க கட்டைவிரல் ஒண்ணு. இன்னொண்ணு நான்." சுவரில் இருந்த தாளைக் காட்டினாள். "எட்டு வரி எழுதியிருக்கேன். காதத் தொடைக்கணும்னு எழுதுனேன். கையக் கழுவணும்னு எழுதல. நான் ஒரு நாளைக்கு நூறு தரம் கழுவறேன், கை தானா குழாய்க்குப் போவுது. எழுதணும்னே தோணல. கிருத்திகை அன்னிக்கி இந்த ஊருல யாரும் பிரசாதக் கையக் கழுவ மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்க அம்மாவும் கழுவ மாட்டாங்க. நீங்க சோதனை கத்துக்கினதுக்கு அப்புறம் வந்த மொத கிருத்திகை இது. தப்பு அன்னிக்கே என் கையால எழுதி இந்தச் செவுத்துல ஒட்டிட்டேன். நீங்க அதுல இருந்தத அப்படியே செஞ்சீங்க."

சொல்லிவிட்டு உள்ளேயிருந்து சர்க்கரைத் தண்ணீரும் ஒரு ஸ்பூனும் கேட்டு வாங்கி, ரோசியின் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட ஆரம்பித்தாள். ஏட்டு கஜபதி காகிதத்தை நான்காகக் கிழித்து யூனிபாரப் பையில் போட்டுக்கொண்டார். மலையில் பந்தோபஸ்து இருக்கிறது என்று திடீரென்று நினைவு வந்தவராகக் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி, "பாஞ்சாலி, ஒண்ணும் மனசுல வச்சிக்காத," என்றார்.

பாஞ்சாலி தலையசைத்தாள். மனசில் வைத்துக்கொள்ளாமல் இருக்க அவளால் முடியும். தெரு அப்படியில்லை. ஏட்டு யூனிபாரத்தோடு வந்து அவளை நிற்கவைத்துக் கேட்டது எதிர்சாரி முழுக்கப் பரவியிருந்தது. பள்ளிப்பட்டு ஒன்றும் தூர தேசம் இல்லை, ஒரு பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடும் சங்கதி. அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பன்னிரண்டு பத்துக்கு ரோசி தலையைத் தூக்கியது. பன்னிரண்டு இருபதுக்கு எழுந்து நின்று, தள்ளாடி, பாஞ்சாலியின் காலருகே போய் உட்கார்ந்தது. மணியம்மை கையைக் கழுவி, காதைத் துடைத்து, மறுபடியும் சோதித்தாள். நூற்று முப்பது. சாயங்காலம் ஊசி வேண்டாம், தானே வந்து பார்ப்பதாகச் சொன்னாள். இன்றைக்கு மட்டும் நாய்க்கு முட்டை போட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றும் சொன்னாள்.

"முட்டை எங்க வீட்டுல இருக்குது," என்றார் சிங்காரம். கொஞ்சம் தயங்கி, "கோழி மிச்சம் இருக்குதில்ல," என்றார்.

மணியம்மை பேனாவை எடுத்துத் தாளின் உச்சியில், முதல் வரிக்கும் மேலே, கொட்டை எழுத்தில் எழுதினாள்: சோப்புப் போட்டுக் கை கழுவு. பேசினில் கழுவிச் செடிக்கு ஊற்று.

ரத்தினம்மாள் அதைப் படித்தாள். பிறகு பாஞ்சாலியின் எதிரே போய் நின்றாள். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அந்த வீட்டில் வேலைக்காரியிடம் யாரும் சொல்லிப் பழகியதில்லை. அது அவள் வாயிலும் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை எத்தினி மணிக்கு வராங்க?"

"பத்து மணிக்கும்மா."

"நான் ஒம்போதுக்கே வந்துடறேன். பள்ளிப்பட்டுக்காரங்க வரும்போது உங்க வீட்டு வாசல்ல நான் நிக்கறேன். யாராவது எதாவது கேட்டா எங்கிட்ட கேக்கட்டும்." ரத்தினம்மாள் தெருப்பக்கம் பார்த்தாள். "ரிக்‌ஷாவுல வரமாட்டேன். நடந்துதான் வருவேன். தெருவு பாக்கட்டும்."

பாஞ்சாலி காலையிலிருந்து அடக்கி வைத்தது அப்போதுதான் உடைந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பேசினை எடுத்துக்கொண்டு போய், செம்பருத்தியின் வேரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினாள்.